கடல்வரை கேட்ட டின் மூடி

விமானம் கடலுக்கு நடுவே காணாமல் போனதில்தான் இது தொடங்கியது.

அத்தா, அதாவது என் அப்பா, மலேசியாவிலிருந்து வந்துகொண்டிருந்தார். அங்கே ஒரு சாப்பாட்டுக் கடையில் அவருக்கு ரொட்டி போடுகிற வேலை. மாவை வீசி வீசி விரித்து, மடித்து, கல்லில் போடுவது. நான் பிறப்பதற்கு முன்பிருந்தே அந்த வேலைதான். விடுப்பு கிடைக்கும்போது வருவார், திருச்சியில் இறங்குவார், நாங்கள் காரைக்குடியிலிருந்து வண்டி வைத்துக்கொண்டு போய் அழைத்து வருவோம். அன்றைக்குக் கிளம்புவதற்கு முன்னால், எந்த விமானம் எங்கே பறக்கிறது என்று காட்டும் செயலியை என் கைபேசியில் திறந்து அம்மாவிடம் கொடுத்திருந்தேன். நீலக் கடல் மேல் ஒரு சின்ன மஞ்சள் விமானம். "இதுதான் அத்தா" என்று காட்டியிருந்தேன். அம்மா அதை அடுப்படி மேடையில் சாய்த்து வைத்துவிட்டு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"ஏத்தா, இங்குட்டு ஓடி வா! பிளேனைக் காணோம்!"

போய்ப் பார்த்தேன். திரையில் கடல் மட்டும் இருந்தது. அம்மா கையில் கத்தியைப் பிடித்தபடியே வாய்க்குள் ஓத ஆரம்பித்திருந்தாள்.

"ஒண்ணும் ஆகலைம்மா. பிளேன் இருக்கு. அது சொல்றதைக் கேக்க அங்க ஆள் இல்ல, அவ்வளவுதான்."

"கேக்க ஆள் இல்லைன்னா?"

விளக்கினேன். ஒவ்வொரு விமானமும் தன் அடையாளத்தையும் உயரத்தையும் இருக்கும் இடத்தையும் வானொலி அலையில் ஓயாமல் சொல்லிக்கொண்டே பறக்கிறது. யாரையும் கூப்பிட்டுச் சொல்வதில்லை, பொதுவாகச் சொல்கிறது. தரையில் ஊர் ஊராக ஆர்வமுள்ளவர்கள் தங்கள் மாடியில் ஒரு கம்பியை நட்டு அதைக் கேட்டு, இணையம் வழியாகச் செயலிக்கு அனுப்புகிறார்கள். நடுக்கடலில் மாடி கிடையாது. அங்கேயும் விமானம் பேசிக்கொண்டுதான் போகும். கேட்பார்தான் இல்லை.

அம்மா கத்தியைக் கீழே வைத்தாள். "அப்ப நம்ம மாடியில ஒரு கம்பிய நட்டா என்ன? நம்ம கேப்போம்ல?"

கொஞ்ச நேரத்தில் வேதாரண்யம் பக்கம் அந்த மஞ்சள் விமானம் மறுபடி முளைத்தது. அத்தா வந்தார், இருந்தார், திரும்பிப் போனார். அம்மா மட்டும் அந்தக் கேள்வியை விடவே இல்லை.

நான் படித்தது மின்னணுத் தொடர்பியல். ஆண்டெனாவுக்கென்றே ஒரு பாடம் இருந்தது, நல்ல மதிப்பெண்ணும் வந்தது. ஆனால் ஓர் ஆண்டெனாவைக்கூடக் கையால் செய்ததில்லை. இப்போது பார்க்கும் வேலை, வீட்டிலிருந்தபடி ஒரு நிறுவனத்துக்கு மென்பொருளைச் சோதித்துக் கொடுப்பது. எதைத் தொடங்கினாலும் என்னென்ன வேண்டும், எப்படி நடந்தால் சரி, எப்படி நடந்தால் தவறு என்று வரிசையாக யோசிப்பது தொழிலால் ஒட்டிக்கொண்ட பழக்கம். இதற்கும் அப்படித்தான் யோசித்தேன். கணினியில் செருகி டிவி பார்ப்பதற்காக விற்கிற விரலளவுக் கருவி ஒன்று வேண்டும். அதற்கு வேறு அலைகளையும் கேட்கத் தெரியும், இணையத்தில் மலிவாகவே கிடைத்தது. டிஷ் ஒயர் கழற்றிப் போட்டது வீட்டிலேயே கிடந்தது. ஒயரை மாட்டுவதற்கு மரை வைத்த மூட்டு ஒன்றைக் கேபிள் டிவிக்காரர் சும்மா கொடுத்தார். வட்டமான உலோகத் தட்டு ஒன்றுதான் பாக்கி.

"தட்டுன்னா சோத்துத் தட்டா?" என்றாள் அம்மா.

"அதுல ஓட்டை போட முடியாதும்மா. மெல்லிசா, தகரமா இருக்கணும்."

அம்மா நாற்காலி போட்டுப் பரணிலிருந்து ஒரு டின்னை எடுத்தாள். அத்தா ஒவ்வொரு முறையும் கொண்டுவரும் வெண்ணெய் பிஸ்கட் டின். பிஸ்கட் தீர்ந்த மறுநாளே அந்த டின்களில் ஊசி நூலோ மிளகாய் வற்றலோ குடியேறிவிடும். திறந்தால் பிஸ்கட் இருக்கும் என்று எங்கள் வீட்டில் யாரும் எந்த டின்னையும் திறப்பதில்லை. இருந்த மிளகாயை முறத்தில் கொட்டிவிட்டு மூடியை என்னிடம் நீட்டினாள். மூடியில் பனி பெய்யும் ஊரும் அதில் ஒரு குதிரை வண்டியும் வரைந்திருந்தது.

ஆண்டெனாவில் பெரிய மர்மம் எதுவும் இல்லை. அலை ஒரு கம்பியின் மேல் படும்போது அதற்குள் இருக்கும் எலக்ட்ரான்களை மேலும் கீழுமாக இழுக்கிறது. கம்பியின் நீளம் அலைக்குப் பொருந்தினால் அந்த ஆட்டம் ஒன்றோடு ஒன்று சேர்ந்து வலுக்கும். ஊஞ்சல் திரும்பி வரும் நேரம் பார்த்துத் தள்ளுவது போலத்தான். நீளம் பொருந்தாவிட்டால் நேரம் தவறித் தள்ளிய மாதிரி ஆட்டம் குழம்பிப்போகும். விமானம் பேசும் அலையின் நீளம் ஒரு ஜாணுக்குக் கொஞ்சம் கூடுதல். அதில் கால் பங்கு கம்பி போதும், என் சுண்டு விரலைவிடச் சற்று நீளம். கம்பி தகர மூடியின் நடுவில் நிமிர்ந்து நிற்க வேண்டும். மூடி ஒரு கண்ணாடிபோல, கீழேயும் ஒரு கம்பி இருப்பதாக அலைக்குக் காட்டும். இல்லாத பாதியை அது ஈடுகட்டிவிடும்.

இதெல்லாம் புத்தகத்தில் இருந்தது. மூடியில் துளையிட்டு, மூட்டைத் திருகி, கம்பியை நட்டு மாடியில் வைத்தபோது ஒரு விமானம்கூடக் கேட்கவில்லை. ஒயரை மாற்றினேன், கம்பியை மறுபடி அளந்தேன். அரைநாள் போன பிறகு, மூடியில் பூசியிருந்த பெயின்ட்தான் குறுக்கே நிற்கிறது என்று பிடிபட்டது. மூட்டு தகரத்தைத் தொடவே இல்லை, பெயின்ட்டைத்தான் தொட்டுக்கொண்டிருந்தது. அம்மா மீன் செதில் சுரண்டும் கத்தியை எடுத்து வந்து உட்கார்ந்தாள். துளையைச் சுற்றித் தகரம் பளிச்சென்று தெரியும்வரை சுரண்டினாள்.

"குதிரைக்குக் கால் போச்சு. இனி எங்குட்டுப் போகும், இங்கதான் நிக்கும்" என்றாள்.

அன்று சாயங்காலம் மதுரைக்குப் போகும் விமானம் ஒன்று கேட்டது. கணினித் திரையில் கறுப்பு வரைபடத்தின் மேல் ஒரு சின்ன முக்கோணம், பக்கத்தில் விமானத்தின் எண்ணும் உயரமும். அம்மா மாடிக்கு ஓடிப் போய் வானத்தைப் பார்த்தாள். மேகம் மட்டும் இருந்தது. கீழே வந்து, "கண்ணுக்குத் தெரியாததையெல்லாம் கேக்குதே, பெரிய ஆளுதான் இது" என்று மூடியைப் பாராட்டினாள்.

கம்பியின் நீளத்தைச் சற்று மாற்றி இன்னொரு டின் மூடியிலும் ஓர் ஆண்டெனா செய்தேன். எது மேல் என்று சோதிப்பது எனக்குத் தெரிந்த வேலை. வானத்தில் காலையில் ஒரு கூட்டம் இருக்கும், மத்தியானம் வேறு கூட்டம். அதனால் இன்றைக்கு ஓர் ஆண்டெனா, நாளைக்கு ஓர் ஆண்டெனா என்று வைத்து ஒப்பிடுவதில் பயன் இல்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை ஒயரை மாற்றி மாற்றிச் செருகி, எதில் தொலைதூர விமானம் கேட்கிறது என்று பார்க்க வேண்டும். இதற்கென்று தனிக் கருவி எதுவும் வாங்க வேண்டாம். ஒருவர் மாடியில், ஒருவர் கீழே இருந்தால் போதும். அம்மாவுக்கு இதில் முன் அனுபவம் இருந்தது. சின்ன வயதில் அவள் வீட்டில் மீன்முள் மாதிரி இருக்கும் டிவி ஆண்டெனாவை அவள் தம்பி, என் மாமு, மாடியில் நின்று திருப்ப, அம்மா கீழே டிவி முன்னால் உட்கார்ந்து குரல் கொடுப்பாளாம். இப்போது அவள் மாடியில் நின்றாள், நான் கீழே.

"தெரியுதா?"

"இல்லம்மா, இன்னும் கொஞ்சம் தூக்கு."

"கை கடுக்குதுடி. இப்ப?"

"ம், வந்துருச்சு!"

ஒருமுறை திடீரென்று எல்லா விமானமும் நின்றுபோயின. தூறல் விழுந்துகொண்டிருந்தது. தண்ணீர் இறங்கி மூட்டு கெட்டுவிட்டது என்று நினைத்து மாடிக்குப் போனேன். ஆண்டெனாவுக்கு மேல் எங்கள் வீட்டில் தண்ணீர் மொள்ளும் எவர்சில்வர் போணி கவிழ்த்திருந்தது.

"நனையும்லடி, பாவம்" என்றாள் அம்மா.

உலோகத்துக்குள் அலை நுழையாது, பிளாஸ்டிக் என்றால் நுழையும் என்று சொன்னேன். "அதை மொதல்லயே சொல்றதுக்கென்ன, நான் என்ன காலேஜா படிச்சேன்?" என்று போணியைத் தூக்கிக்கொண்டு போனவள், மாவு வைத்திருந்த பிளாஸ்டிக் டப்பா ஒன்றைக் காலி செய்து கொண்டுவந்து கவிழ்த்தாள். விமானங்கள் திரும்பி வந்தன.

வெள்ளிக்கிழமைகளில் அத்தா பேசுவார். நாங்கள் செய்வதைக் கேட்டு அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "ஆக, ஆத்தாளும் மகளும் என் பிளேனை வேவு பாக்குறீக. நடுவுல எங்கயாச்சும் எறங்கி டீ குடிச்சா மாட்டிக்கிருவேன் போல."

அவருக்கு நான் ஒரு படம் அனுப்பினேன். எந்தெந்தத் திசையில் எவ்வளவு தூரம் வரை கேட்கிறது என்று சில வாரம் சேர்த்து வைத்து வரைந்த கோடு. தடை இல்லாத மாடி என்றால் அது வட்டமாக வர வேண்டும். எங்களுடையது கிழக்கே ஒரு வாய் கடித்த மாதிரி உள்வாங்கி இருந்தது.

"ரொட்டியை யாருடி கடிச்சது?" என்றார் அத்தா.

கடித்தது பக்கத்துப் பெரிய வீடு. பல வருடமாகப் பூட்டிக் கிடக்கும் செட்டியார் வீடு, தெருவுக்குத் தெரு நீண்டது. அதன் மேல்மாடிச் சுவர் எங்கள் மொட்டை மாடியின் கிழக்குப் பக்கத்தை முழுவதும் மறைத்துக்கொண்டு நிற்கிறது. இந்த அலை வளைந்து போகாது. கண் பார்ப்பது போல நேர்கோட்டில்தான் போகும், அவ்வளவு கனமான சுண்ணாம்புச் சுவரைத் துளைக்கவும் முடியாது. வடக்கே சேலம் தாண்டியும் கேட்டது, மேற்கே மலைவரை கேட்டது. அத்தா வருகிற கிழக்குப் பக்கம் மட்டும் கேட்கவில்லை.

அடுத்த விடுப்புக்கு அத்தா வந்தபோது நாங்கள் தயாராக இருந்தோம். ஆனால் அவருடைய விமானம் கடலைத் தாண்டி, கரையைத் தாண்டி, புதுக்கோட்டையை நெருங்கிய பிறகுதான் அந்த வீட்டுச் சுவருக்கு இப்பால் வந்து திரையில் முளைத்தது. அதற்குள் அது இறங்கத் தொடங்கியிருந்தது. உயரம் குறைந்துகொண்டே வந்து, ஓர் இடத்தில் முக்கோணம் மறைந்தது.

"போச்சே!" என்றாள் அம்மா.

"இது வேறம்மா. ரொம்பக் கீழ வந்துட்டா நமக்குக் கேக்காது. மறைஞ்சா எறங்கிருச்சுன்னு அர்த்தம்."

மாமுதான் அன்றைக்குத் திருச்சிக்குப் போயிருந்தார். கொஞ்ச நேரத்தில் அவரும் போன் செய்து இறங்கியாச்சு என்றார். "எங்களுக்கு அப்பவே தெரியுமே" என்று அம்மா பெருமையாகச் சொன்னாள்.

அத்தா வந்த மறுநாள் காலையில் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு மாடிக்கு வந்தார். கால் போன குதிரையைப் பார்த்தார். பெரிய வீட்டுச் சுவரை அண்ணாந்து பார்த்தார். கல்லில் கிடக்கும் ரொட்டியைப் பார்ப்பது மாதிரி தலையைச் சாய்த்து ஒரு கணக்குப் போட்டார்.

"இதுக்கு மேல தூக்கணும். அவ்வளவுதானே?"

"ஆமாத்தா. ஆனா இரும்புக் குழாய் வேணாம், வெயிட்டு. இடியும் இழுக்கும்."

"அங்க தூண்டில் கம்பு விப்பாக. ஒண்ணுக்குள்ள ஒண்ணா மடங்கி ஒரு முழம்தான் இருக்கும், இழுத்தா வளந்துக்கிட்டே போகும். தூக்குனா காத்து மாதிரி. கண்ணாடி நார்ல செய்றதாம். அடுத்த தடவை வாங்கிட்டு வர்றேன்."

"பிளாஸ்டிக் மாதிரிதானே அது? நுழையும்ல?" என்று அம்மா படியிலிருந்து கேட்டாள்.

அத்தா என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். "ஒங்கம்மா இஞ்சினியர் ஆயிட்டாக. இனி எனக்கு வீட்டுல வேலை இல்ல."

அதுதான் அவர் கடைசியாக வந்தது.

பள்ளத்தூர்க்காரர் ஒருவர் அத்தாவோடு அதே கடையில் வேலை பார்த்து, அதே அறையில் தங்கியிருந்தார். ஒரு காலையில் அவர் போன் செய்தார். "தாயி, மாமு யாரும் பக்கத்துல இருக்காகளா?" என்று கேட்டார். அந்தக் கேள்வியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் அவர் சொல்லும்வரை காத்திருந்தேன். கடைக்குக் கிளம்பும்போது நெஞ்சு வலிக்கிறது என்று உட்கார்ந்தாராம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் மவுத்தாகிவிட்டார்.

மாமு வந்தார், ஜமாஅத்திலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். உடலை ஊருக்குக் கொண்டுவரலாம். அதற்குத் தாள்கள் வேண்டும், கையெழுத்துகள் வேண்டும், பெட்டி வேண்டும். எத்தனை நாள் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. அதுவரை அவர் குளிர்பெட்டியில் இருக்க வேண்டும். அங்கேயே என்றால் அன்று சாயங்காலமே, அசர் தொழுகைக்குப் பிறகு அடக்கிவிடலாம். எல்லாரும் முற்றத்தில் தாழ்ந்த குரலில் பேசினார்கள். அம்மா கதவுக்குப் பின்னாலிருந்து ஒரே ஒரு முறை பேசினாள்.

"அவுகளைக் காக்கப் போடாதீக. அங்கேயே அடக்கிருங்க."

பள்ளத்தூர்க்காரர் காணொளி அழைப்பில் காட்டினார். கபரஸ்தானில் சிக்னல் விட்டு விட்டு வந்தது. மண் தள்ளுகிற ஒரு கை பாதியில் உறைந்து நின்றது. அம்மா அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கைபேசியை ஜன்னல் பக்கம் கொண்டுபோனேன், வாசல் பக்கம் கொண்டுபோனேன். குறை எங்கள் பக்கம் இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் கொண்டுபோனேன். மறுபடி படம் அசைந்தபோது எல்லாரும் கையேந்தி நின்றிருந்தார்கள்.

"மூடிட்டாகளா?" என்றாள் அம்மா.

"மூடிட்டாகம்மா."

அம்மா இத்தா இருக்கத் தொடங்கினாள். கணவனை இழந்த பெண் நான்கு மாதமும் பத்து நாளும் வீட்டைவிட்டு வெளியே போகாமல், அந்நிய ஆண்கள் கண்ணில் படாமல் இருக்க வேண்டும். வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு உள்ளறையில் ஓதிக்கொண்டிருப்பாள். உறவுக்காரப் பெண்கள் வந்து உட்கார்ந்து அழுதுவிட்டுப் போவார்கள். அவர்களோடு சேர்ந்து அம்மா அழவில்லை. "வரேன்னு சொல்லிட்டு வரலை, போறேன்னு சொல்லிட்டும் போகலை" என்று மட்டும் சில நேரம் சொல்வாள். நான் மாடிக்குப் போவதை விட்டிருந்தேன். கணினியை வேலைக்கு மட்டும் திறந்தேன்.

பள்ளத்தூர்க்காரருக்கு விடுப்பு கிடைத்தது. அத்தாவின் துணிமணிப் பெட்டியைத் தானே கொண்டுவருவதாகச் சொன்னார். மத்தியான விமானம். மாமு திருச்சிக்குப் போய் அவரையும் பெட்டியையும் அழைத்து வருவது என்று முடிவானது. முதல் நாள் அம்மா என்னைக் கூப்பிட்டாள்.

"அந்த மூடி இருக்கா?"

"இருக்கும்மா."

"கடல்லருந்தே கேக்கணும். அங்குட்டிருந்தே. செய்ய முடியுமா ஒன்னால?"

மாமு அருகில் இருந்தார். "என்னக்கா இது, பெட்டிதானே வருது. வந்து எறங்குனதும் நான் போன் பண்ண மாட்டேனா? அப்படியே பாக்கணும்னா போன்ல பாரு, அதுல காட்டும்ல."

"போன்ல நடுவுல விட்டுப்போகும்" என்றாள் அம்மா. "அன்னைக்கும் விட்டுப்போச்சு. எனக்கு யாரும் சொல்லிக் கேக்க வேணாம். நம்ம கம்பியில கேக்கட்டும்."

மாமு வண்டிக்குச் சொல்லிவைக்க எழுந்து போனார்.

அம்மா கேட்டது என்ன என்று எனக்குப் புரிந்தது. முன்பெல்லாம் அத்தா வரும்போது விமான நிலையத்துக் கம்பித் தடுப்பைப் பிடித்துக்கொண்டு முதல் ஆளாக நிற்பாள். இந்த முறை போக முடியாது. அடக்கத்தையும் முழுதாகப் பார்க்கவில்லை. அவர் பக்கமிருந்து வீட்டுக்கு வருவது இனி இந்தப் பெட்டி ஒன்றுதான். அதையாவது வழியிலேயே எதிர்கொண்டு அழைக்க நினைத்தாள். முழுக் கடலுக்கும் என்னால் உத்தரவாதம் கொடுக்க முடியாது. பூமி வளைந்திருக்கிறது. எவ்வளவு உயரத்தில் பறந்தாலும் ஒரு தூரத்துக்கு அப்பால் விமானம் அடிவானத்துக்குக் கீழேதான் இருக்கும். ஆனால் பெரிய வீட்டுச் சுவருக்கு மேலே தூக்க முடிந்தால், கரைக்கு அந்தப் பக்கம் கொஞ்ச தூரம் கேட்கும். செய்ய முடியும் என்றேன்.

உயரத்துக்குக் கம்பு வேண்டும். கொல்லையில் முருங்கைக்கீரை பறிக்கும் தொரட்டி இருந்தது, நீளமான மூங்கில். நுனியிலிருந்த இரும்புக் கொக்கி அலையைக் கெடுக்கும் என்று கழற்றினேன். அதே இடத்தில் டின் மூடியைக் கட்டினேன். ஒயர் நீண்டால் சிக்னல் வழியிலேயே கரைந்துவிடும். அதனால் கணினியைக் கீழே வைக்காமல் மாடிப்படி முடியும் அறைக்குள் வைத்தேன். அது வீட்டுக்குள்தான். அம்மா கதவைச் சாத்திக்கொண்டு படியில் உட்காரலாம். நான் அந்த அறையின் கூரை மேல் ஏறி, தொரட்டியை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும்.

மத்தியான வெயில் நன்றாக இருந்தது. தொரட்டியை நிமிர்த்தியதும் மூடி பெரிய வீட்டுச் சுவருக்கு ஒரு கை மேலே போய் நின்றது. காற்றில் மூங்கில் வளைந்தது. அம்மா நேராக என் காலுக்குக் கீழே, கூரைக்கு அந்தப் பக்கம் இருந்தாள்.

"தெரியுதாம்மா?"

"கடல்தான் இருக்கு."

தொரட்டியைக் கொஞ்சம் திருப்பினேன். திருப்புவதால் பயன் இல்லை என்று எனக்குத் தெரியும். நிமிர்ந்து நிற்கும் கம்பி எல்லாப் பக்கமும் ஒரே மாதிரிதான் கேட்கும்.

"இப்ப?"

"கொழும்புக்கு ஒண்ணு போகுது. அது நம்மளுது இல்ல."

கை கடுத்தது. தோளில் சாய்த்துக்கொண்டேன். பெரிய வீட்டு மாடியில் புறாக்கள் எழுந்து மறுபடி உட்கார்ந்தன.

"இப்பம்மா?"

பதில் வரவில்லை. ஒயர் கழன்றுவிட்டதோ என்று பயந்தேன். குனிந்து பார்க்க முடியாது, குனிந்தால் மூடி சுவருக்குக் கீழே போய்விடும்.

"அம்மா? தெரியுதா?"

"ம்" என்றாள். பிறகு, குரலை உயர்த்தாமல், கதவிடுக்கு வழியாக எனக்குக் கேட்கிற அளவுக்கு மட்டும், "வந்துட்டாக" என்றாள்.

நான் தொரட்டியை அசைக்கவில்லை. அம்மா விமானத்தோடு கூடவே வந்தாள். "தண்ணி மேலதான் இருக்கு. வருது... வருது. கரைக்கு வந்துருச்சு. பட்டுக்கோட்டை." அடுப்படியில் யாரையோ பக்கத்தில் வைத்துக்கொண்டு பேசுகிற குரல். இடையில் ஓதுவது கேட்டது. புதுக்கோட்டைக்குப் பிறகு உயரத்தை மட்டும் படித்தாள், இறங்க இறங்க. விமானம் எங்களுக்கு வடக்கே வந்துவிட்டது. அந்தப் பக்கம் சுவர் இல்லை, தொரட்டியைக் கீழே இறக்கியிருந்தாலும் கேட்டிருக்கும். இறக்கவில்லை.

பிறகு படிப்பது நின்றது.

"மறைஞ்சுருச்சு" என்றாள். அர்த்தத்தையும் அவளே சொன்னாள்: "எறங்கிட்டாக."

அதன் பிறகுதான் அம்மா அழுதாள். நான் கூரையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். தொரட்டியைப் படுக்க வைத்துவிட்டு உடனே கீழே போகத்தான் நினைத்தேன். ஆனால் அவளுக்கு அந்த நேரம் தனியாக வேண்டும் என்று பட்டது. போகவில்லை.

சாயங்காலம் மாமு பெட்டியோடு வந்தார். பள்ளத்தூர்க்காரர் தன் வீட்டுக்குக்கூடப் போகாமல் எங்கள் வீட்டுக்கு வந்து, முற்றத்து நாற்காலியில் நுனியில் உட்கார்ந்தார். அம்மா திரைக்கு அந்தப் பக்கம் இருந்தாள். பெட்டியை நான்தான் திறந்தேன். கைலிகள் நான்கு. வேலைக்குப் போட்டுப் போகும் சட்டைகள், துவைத்தும் எண்ணெய் வாசனை போகாதவை. தைலம். தொப்பி. பிரிக்காத வெண்ணெய் பிஸ்கட் டின் ஒன்று. எல்லாவற்றுக்கும் அடியில், மூலைக்கு மூலை குறுக்காக, பழைய கைலியில் சுற்றிய ஒரு கம்பு.

"அது அவுக கட்டிலுக்குப் பக்கத்துல நின்னுக்கிட்டே இருக்கும்" என்றார் பள்ளத்தூர்க்காரர். "லீவு போட்டதுமே வாங்கிட்டாக. ரூம்ல எல்லாரும் கேலி பண்ணுவோம், என்னண்ணே, மீன் புடிக்கப் போறீகளான்னு. இல்லப்பா, பிளேன் புடிக்கன்னுவாக. எதுக்குன்னு எங்களுக்கு வெளங்கவே இல்ல. என்ன தாயி அது?"

நான் சொல்லத் தொடங்கினேன். விமானம் எப்படிப் பேசும், சுவர் எப்படி மறைக்கும் என்று பாதிவரை சொன்னேன். மீதியைத் திரைக்குப் பின்னாலிருந்து அம்மா சொன்னாள்.

அந்தக் கம்பை மறுநாள் மாடியில் நட்டேன். ஒன்றுக்குள் ஒன்றாக இழுக்க இழுக்க வளர்ந்தது. பெரிய வீட்டுச் சுவரைத் தாண்டி மூடி உயரே போனது, தொரட்டி எட்டியதைவிட மேலே. யாரும் பிடித்துக்கொண்டு நிற்கத் தேவையில்லை. ஒரு வாரம் சேர்த்து வைத்துப் படம் வரைந்தேன். கிழக்கே கடித்த இடம் இல்லை. கடலுக்குள் வெகுதூரம் வரை கோடு போயிருந்தது. கணினியை உள்ளறைக்குக் கொண்டுபோய் அம்மாவிடம் காட்டினேன்.

வெகுநேரம் பார்த்தாள். "வட்டமா வந்துருக்கு" என்றாள். "அவுக கல்லுல போடுற மாதிரி."

மத்தியான விமானத்தைத் தினமும் பார்க்கிறாள். அதில் யாரும் எங்களுக்கு இல்லை. "யாரு வீட்டு ஆளோ, வரட்டும்" என்பாள். அது மறைந்ததும் எழுந்து தொழப் போவாள்.

நேற்று மேகம் கறுத்தது. அம்மா உள்ளறையிலிருந்து படிக்கட்டின் அடிவரை வந்து என்னைக் கூப்பிட்டாள். மேலே வராமல், முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, கையை மட்டும் நீட்டினாள். கையில் மாவு டப்பா இருந்தது.

"நனையும். போய்க் கவுத்துட்டு வா" என்றாள். "பிளாஸ்டிக்தான், பாத்துட்டேன்."